தம்பி வழக்கு ராஜியான கதை

பெரியம்மை வராமல் இருக்க என் தம்பிக்குக் கையில் அம்மை குத்தினார்கள். அதற்குப் பிறகு அவன் நடக்கவில்லை, பேசவில்லை. அது அந்த ஊசியால் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைப் பொறுப்பான ஒருவர் எழுத்தில் சொல்லவேண்டும் என்றுதான் அப்பா கோர்ட்டுக்குப் போனார். போனவருக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் எழுதுகிறேன். இதில் நல்லபடியாக முடிகிற இடம் எதுவும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அறுபதுகளின் தொடக்கம் அது. சேலையூரில், கேம்ப் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, வயலும் பனையுமாகக் கிடந்த பக்கத்தில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். அந்தத் தெருவில் நாங்கள் மட்டும்தான் கிறிஸ்தவர்கள். அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவருக்கு இரண்டே விஷயங்களில் அசைக்கமுடியாத நம்பிக்கை. ஒன்று கர்த்தர், இன்னொன்று சுகாதாரம். தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் குடிக்க விடமாட்டார். பிள்ளைகளின் நகத்தை மட்டுமல்ல, வீட்டுக்கு வரும் பெரியவர்களின் நகத்தையும் பார்ப்பார். சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு அதிகம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அம்மா சொல்லுவாள்.

அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் எங்கள் தெருவே காலியாகிவிடும். பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சவுக்குத் தோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். ஆத்தாள் தானாக வருவது வேறு, ஊசியில் தொட்டு அவளை உள்ளே விடுவது வேறு, அது அவளுக்குக் கோபம் என்பது அவர்கள் எண்ணம். ஒவ்வொரு முறையும் வெறும் தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பிய சுகாதார இன்ஸ்பெக்டர், அந்த வருஷம் நேராக அப்பாவிடம் வந்தார்.

"நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்கமாட்டாங்க சார். உங்க பையனுக்கு அவங்க கண்ணு முன்னால குத்திக் காட்டுவோம். அப்ப நம்புவாங்க" என்றார்.

தம்பிக்கு அப்போது ஒன்றேகால் வயது. தத்தித் தத்தி நடப்பான். என்னை அக்கா என்று அவன் மொழியில் கூப்பிடுவான். தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து விமானம் கிளம்பினால் கையை உயர்த்திக்கொண்டு வாசலுக்கு ஓடி, படியில் இடறி விழுந்து, எழுந்து சிரிப்பான். அவனுக்கு முழங்கால் மடிப்பிலும் கழுத்திலும் கரப்பான் இருந்தது. சொறிந்து சொறிந்து சிவந்துகிடக்கும்.

"கரப்பான் ஆறட்டுமேங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள் அம்மா.

"கரப்பானுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கையிலதானே குத்தப்போறாங்க" என்று சொல்லி அப்பா அவனை அவள் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு போனார். புளியமரத்தடியில் முதலில் குத்திக்கொண்டவன் அவன்தான். அப்பா ஊசியை மறைக்காமல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அவன் கையைத் திருப்பிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் தோப்பிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்தார்கள். அன்று சாயங்காலம் எலெக்ஷனில் ஜெயித்தவர் மாதிரி அப்பா வீட்டுக்கு வந்தார். அன்று குத்திக்கொண்ட மற்றக் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்களில் பலரை இன்றும் கடைத்தெருவில் பார்க்கிறேன். பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

ஒரு வாரம் கழிந்து தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா வாத்தியார்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றுக்கு வெளியூர் போயிருந்தார். குத்திய இடம் வீங்கி, உடம்பில் அங்கங்கே சிவப்பாகத் தடித்து, கண்ணைத் திறக்காமல் கிடந்தான். எங்களுக்குப் பால் ஊற்றிய பின்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். பெரியம்மைக்குத் தன் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் அவள். அவளுக்கு எங்கள் தம்பி மேல் உயிர்.

"இன்னா வாத்தியாரம்மா, சும்மா குந்திகினு கீறே? ஆத்தா வந்துகீறா, தெரில? டாக்டரு கீக்டருன்னு புள்ளையத் தூக்கிகினு ஓடாதே. அவளுக்கு ஆவாது" என்றாள்.

சொன்ன கையோடு வேப்பிலைக் கொத்தை ஒடித்துவந்து எங்கள் வாசல் நிலையில் செருகிவிட்டாள். இன்னொரு கொத்தைத் தம்பியின் தலைமாட்டில் வைத்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய வேதவசனத்துக்குக் கீழேதான் அவன் படுத்திருந்தான். அம்மாவுக்கு அது சரியில்லை என்று தெரியும். ஆனால் இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்தவள் அழுதுகொண்டே செருகிய இலையைப் பிடுங்கிப்போட அவளுக்குக் கை வரவில்லை. வேப்பிலை ஏறிய வீட்டுக்குள் அந்தப் பக்கத்தில் யாரும் நுழையமாட்டார்கள். அதனால் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடத் துணையாக ஒரு ஆணும் வரவில்லை. அப்பா திரும்பி வந்து இலையைப் பிய்த்து எறிந்துவிட்டு அவனைத் தோளில் போட்டபோது வலிப்பு கண்டிருந்தது.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நெடுநாள் வைத்திருந்தார்கள். மூளைக் காய்ச்சல் என்றார் டாக்டர். அம்மை குத்தியதால் வந்ததா என்று அப்பா கேட்டார். "எப்போதாவது யாருக்காவது அப்படி வருவதுண்டு. இவனுக்கு அதனால்தான் என்று என்னால் அடித்துச் சொல்லமுடியாது" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அப்பாவுக்கு வேண்டியதை அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த தம்பி வேறு தம்பி. தலை நிற்காது. எச்சில் ஒழுகும். கூப்பிட்டால் சத்தம் வந்த பக்கம் திரும்பமாட்டான். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஆத்தாள் தண்டித்துவிட்டாள் என்றது தெரு. கர்த்தருடைய சோதனை என்றது சபை. அம்மா வழியில் யாருக்கோ இப்படி இருந்ததாமே என்று அப்பாவின் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். நாக்கில் நரம்பில்லாதவர்கள். அம்மா வழியில் அப்படி யாரும் இல்லை.

அப்பாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. இது பாவமும் இல்லை, வம்சமும் இல்லை, நன்றாக இருந்த குழந்தைக்கு ஊசியால் வந்தது என்று பொறுப்பான ஒருவர் எழுத்தில் சொல்லவேண்டும் என்பது அவர் ஆசை. அம்மாவின் ஆசை வேறு. எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார் சோறு ஊட்டுவார்கள், அதற்கு அரசாங்கம் ஒரு வழி செய்யட்டும் என்றாள். இந்த இரண்டு ஆசைகளும் சேர்ந்து ஒரு வழக்கானது. ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்கவேண்டியிருக்கும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் சபையைச் சேர்ந்த வக்கீல் ஒருவர் செங்கல்பட்டில் தொழில் செய்தார். கரப்பான் உள்ள குழந்தைக்கு ஆறும்வரை குத்தக்கூடாது என்று சுகாதார இலாகாவே சொல்லியிருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். "கேக்காம குத்தினது அவங்க தப்பு சார். இது போதும் நமக்கு" என்றார். நோட்டீஸ் போயிற்று. வழக்கு ஏறியது. பிறகு வாய்தா. எதிர்த்தரப்பு தயாராக இல்லை என்று வாய்தா, நீதிபதி மாறிவிட்டார் என்று வாய்தா, எங்கள் வக்கீலுக்கு வயிற்றுக்கடுப்பு என்றுகூட வாய்தா. தாம்பரத்தில் ரயிலேறி செங்கல்பட்டில் இறங்கி, கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்து, எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவதே எங்களுக்கு வழக்கமாகிப்போனது. குழந்தையை நீதிபதி பார்க்கவேண்டும் என்று வக்கீல் சொன்னதால் தம்பியையும் ஒவ்வொரு முறையும் தூக்கிக்கொண்டு போவோம். முதலில் அப்பாவின் ஒரு தோளுக்குள் அடங்கினான். வழக்கு விசாரணைக்கு வந்தபோது அவன் கால்கள் அப்பாவின் முழங்காலில் இடித்தன.

அப்பா கூண்டில் நன்றாகத்தான் சொன்னார். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அடுத்தது அம்மா. வெளியே வராந்தாவில் எங்கள் வக்கீல் அவளிடம், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. வேப்பிலை அது இதுன்னு நீங்களா வாயைத் திறக்காதீங்க. அவரா கேட்டா ஞாபகம் இல்லைன்னுடுங்க" என்றார். அம்மா தலையாட்டினாள். நான் அவளுடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

அரசுத் தரப்பு வக்கீல் கத்துகிறவர் இல்லை. அவர் கத்தியிருந்தால் எங்களுக்கு நல்லதாயிருக்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரிப் பேசினார்.

"உங்க வீட்ல யாருக்காவது அம்மை போட்டா என்னம்மா செய்வீங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான் போவோம்."

"வாசல்ல வேப்பிலை வைக்கிற பழக்கம் உண்டா?"

"நாங்க கிறிஸ்தவங்க சார்."

"ஆமா, தெரியும். அதனாலதான் கேக்கறேன். காரணம் இல்லாம நீங்க வைக்கமாட்டீங்க, இல்லையா?"

"வைக்கமாட்டோம்."

"சரி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு உங்க வாசல்ல வேப்பிலை இருந்துதா, இல்லையா?"

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஞாபகம் இல்லை என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கடவுள் அறியச் சொல்வது உண்மை என்று சற்று முன்னால்தான் சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டில் பொய்க்கு மன்னிப்பே கிடையாது. மிட்டாய் தின்றதை மறைத்ததற்காக என்னை ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவிடாமல் உட்காரவைத்த அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருந்துது" என்றாள் அம்மா.

"கிறிஸ்தவங்க வீட்டு வாசல்லயே வேப்பிலை ஏறிச்சுன்னா, குழந்தைக்கு வந்தது அம்மைதான்னு அவ்வளவு தெளிவாத் தெரிஞ்சிருக்கணும்" என்று அவர் நீதிபதியைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஊசிக்கு முன்பே பிள்ளை உடம்பில் அம்மை வெளியே தெரியாமல் இருந்தது, அதுதான் மூளையைத் தாக்கியது, அரசாங்கம் என்ன செய்யும் என்பது அவர் கட்சி. ஒரு இந்து வீட்டில் அந்த இலை தொங்கியிருந்தால் அதற்கு இத்தனை கனம் இருந்திருக்காது. எங்கள் வீட்டில் தொங்கியதுதான் எங்களைக் கவிழ்த்தது.

விட்டதைப் பிடிக்க எங்கள் வக்கீல் பின்வீட்டு அக்காவைச் சாட்சிக்கு அழைத்தார். இலையை வைத்தது அம்மா இல்லை, தான்தான் என்று அவள் சொன்னால் போதும் என்று நினைத்தார். அவளும் நல்ல புடவை கட்டிக்கொண்டு எங்களோடு ரயிலில் வந்தாள். இலையை வைத்தது தான்தான் என்று சத்தமாகச் சொன்னாள். அரசுத் தரப்பு வக்கீல் அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். குழந்தைக்கு அம்மை போட்டிருந்ததா என்று.

"போட்டுதான் இருந்துது சார். என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஆத்தா எறங்கினதாலதான் அந்தப் புள்ள இன்னிக்கும் உசுரோட கீது" என்று கும்பிட்டாள்.

எங்களுக்காகத்தான் சொன்னாள். ஆத்தாளை இல்லை என்று சொன்னால் தம்பிக்கு இன்னும் கெடுதல் வரும் என்று பயந்திருக்கிறாள். திரும்புகிற ரயிலில், நல்லாச் சொன்னேனா வாத்தியாரே என்று அப்பாவைக் கேட்டாள். நல்லாச் சொன்னீங்க என்றார் அப்பா. எனக்கு அவளைப் பிடித்துத் தள்ளவேண்டும்போல் இருந்தது. அன்றைக்கும் தம்பிக்கு எச்சில் துடைத்தபடி வந்தது அவள்தான்.

இனி தீர்ப்புக்குக் காத்திருந்தால் ஒன்றும் கிடைக்காது, ராஜிக்குப் போய்விடலாம் என்றார் எங்கள் வக்கீல். கோர்ட்டில் ராஜி என்றால் இரண்டு தரப்பும் பேசி முடித்துக்கொள்வது. கரப்பான் விஷயம் அவர்களுக்கும் உறுத்தலாக இருந்ததால் அரசுத் தரப்பு இறங்கிவந்தது. கருணைத் தொகையாகக் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள். அது தம்பி பேரில் கோர்ட்டில் இருக்கும். அவன் செலவுக்கு வட்டியை எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக ராஜியில் ஒரு வரி வேண்டும் என்றார்கள். குழந்தையின் நிலை பிறவிக் குறைபாடு, அம்மை குத்தியதால் வந்ததல்ல என்று அப்பா ஒப்புக்கொள்ளவேண்டும். கோர்ட்டில் அம்மை என்று வாதாடியவர்கள்தான் எழுத்தில் பிறவி என்று கேட்டார்கள்.

"முடியாது" என்றார் அப்பா. வாழ்க்கையில் அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதை நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகுதான் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் வயதாகியிருந்தது. தம்பி கிடந்த பாயைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"அம்மை குத்தினதுக்காகக் கவர்மெண்டே பணம் கொடுத்துதாம்னு வெளிய வந்துதுன்னா, நாளைக்கு ஒரு தாய் கூடக் குழந்தை கையை நீட்டமாட்டா சார். மறுபடியும் எல்லாரும் தோப்புக்குள்ள போயிடுவாங்க. பெரியம்மைல எத்தனை குழந்தைங்க போகும்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?" என்றார்.

அவர் அப்பாவை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் அப்பா எதிர்த்து நின்றிருப்பார். அவர் சொன்னது அப்பா நம்புகிற விஷயம். தன் நம்பிக்கையாலேயே ஒரு மனிதரைக் கட்டிப்போட முடியும் என்று அன்று பார்த்தேன். அவர் போன பிறகு அப்பா வெகுநேரம் தம்பியின் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா வேறொன்றை நினைத்துக் குமைந்தாள். பணம் வேண்டும் என்று முதலில் கேட்டவள் அவள்தான். ஆனால் பிறவி என்று எழுதிவிட்டால் அது வம்சத்துக்குப் போகும். வம்சத்தில் அடுத்தது நான். எனக்கு அப்போது பதினேழு வயது, ஆசிரியப் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். "இவளை எவன் கட்டுவான்?" என்று அடுப்பங்கரையில் அப்பாவிடம் மெல்லக் கேட்டாள்.  என்னைக் கேட்டிருந்தால் கையெழுத்தைப் போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடைசியில் அப்பா கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். மைனர் வழக்கு என்பதால் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது, குழந்தைக்கு நன்மையா என்று நீதிபதி விசாரித்து அனுமதி கொடுக்கவேண்டும். நீதிபதி இளவயதுக்காரர். முழுவதையும் படித்துப் பார்த்துவிட்டு அப்பாவை அழைத்தார்.

"யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"இல்லைங்க ஐயா."

"பிறவிக் குறைன்னு போட்டிருக்கு. அது சரிதானே?"

தம்பி அம்மாவின் மடியில் வாயைத் திறந்தபடி விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா அவனைப் பார்த்தார். நீதிபதி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"சரிங்க ஐயா" என்றார் அப்பா.

 திரும்புகிற ரயிலில் காட்டாங்குளத்தூர் தாண்டும்போது அம்மா தண்ணீர் கேட்டாள். நான் கூஜாவை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

கையெழுத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வட்டிக்காக மனுப் போட்டுப் போட்டு அலைந்ததும்கூடப் பெரிதில்லை. மற்றபடி வீட்டுக்குள் நாங்கள் நாங்களாகத்தான் இருந்தோம். எழுபதுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு, எனக்கு ஒரு வரன் வந்தது. பீர்க்கன்கரணைப் பக்கத்துக் குடும்பம், எங்கள் சபைதான். பையன் தபால் ஆபீஸில் வேலை. என்னோடு இரண்டு வார்த்தை பேசினான். அவனை எனக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை.

அவர்கள் வருவதற்கு முன் அம்மா அப்பாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "தம்பியைப் பத்திக் கேட்டா, அம்மை குத்தினதுல இப்படி ஆச்சுன்னு சொல்லுங்க. அதுதானே உண்மை? இத்தனை வருஷமா நீங்களே சொன்னதுதானே?" என்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார்.

காபி கொடுத்தேன். பொதுவாகப் பேசினார்கள். உள்ளறையிலிருந்து தம்பியின் சத்தம் கேட்டது. பையனின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பிக்கு என்னங்க? ஏதோ ஊசியால ஆச்சுன்னு சொன்னாங்களே?"

அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இல்லைங்க. பிறவியிலேயே அப்படித்தான்" என்றார்.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வழக்கம்போல் எழுந்து நின்று ஜெபம் செய்தார்கள். எங்கள் குடும்பத்தை ஆசீர்வதிக்கும்படி பையனின் அப்பா கர்த்தரைக் கேட்டுக்கொண்டார். பிறகு போனார்கள். அவர்களிடமிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. வேறு வரனும் வரவில்லை.

அம்மா அழவில்லை. டம்ளர்களை எடுத்துக்கொண்டே, "ஏங்க இப்படிச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"கோர்ட்ல கடவுளை வச்சு ஒண்ணு சொல்லிட்டு, வீட்ல வந்து வேறொண்ணு சொன்னா நான் யாரு?" என்றார் அப்பா.  அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

 தம்பி அதற்குப் பிறகும் சில வருஷங்கள் இருந்தான். அவனைக் குளிப்பாட்டினோம், ஊட்டினோம், புரட்டிப் படுக்கவைத்தோம். ஆனால் அவன் நடந்ததைப் பற்றியோ பேசியதைப் பற்றியோ எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் அப்பா பொய்க் கையெழுத்துப் போட்டவர் ஆகிவிடுவார். அதனால் ஒன்றேகால் வயது வரை எங்களோடு இருந்த அந்தப் பையனை, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து, பிறக்காதவனாகவே ஆக்கிவிட்டோம்.